துரைக்குள் இருந்தவர்

தலையை மட்டும் தனியே கழற்றிப் படிக்கட்டில் காய வைத்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பி, சிவந்த கன்னம், முறுக்கிய மீசை. கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றேன். அதை எடுக்க வந்தவர் சிரித்தார். "பயப்படாதீங்கம்மா, உள்ள இருக்கிறது நான்தான்."

புக்கிட் பெருந்துங் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்த தனியார் கல்லூரி அது. தோட்டத்தின் நினைவாக வெள்ளைக்காரத் துரையையே கல்லூரியின் வேடச் சின்னமாக, மஸ்கோட்டாக வைத்திருந்தார்கள். எந்த விழாவானாலும் கையில் பிரம்போடு துரை ஆடிக்கொண்டு வருவார். அந்த வேடத்துக்குள் புழுங்கியவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். எல்லாருக்கும் அவர் லேப் அண்ணன். கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அந்த வேடத்தைப் பற்றி அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் மனு கொடுத்தார்கள். துரை வேண்டாம், செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்கும் ஆந்தையை வைக்கலாம் என்றார்கள். ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. தலைமை வகித்தவர், அரசு கொடுத்த பட்டத்தால் டத்தோ என்றே நாங்கள் அழைக்கும் நிர்வாகத் தலைவர். கூட்டக் குறிப்பு எழுத நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். துரையைக் கைவிட டத்தோவுக்கு மனமில்லை. இரண்டு பேர் அவர் பக்கம், இரண்டு பேர் மாணவர் பக்கம் என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் டத்தோ, லேப் அண்ணனைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

அண்ணனின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதத்தை அன்று காலைதான் தட்டச்சு செய்து, கையெழுத்துக்காக டத்தோவின் கோப்பில் வைத்திருந்தேன். அது அண்ணனுக்கும் தெரியும்.

"நீங்கதான் இத்தன வருசம் போட்டீங்க. உங்களுக்கு மனசுல ஏதாவது இருக்கா? சும்மா வெளாட்டுதானே லா?" என்றார் டத்தோ.

அண்ணன் கதவோரம் நின்றபடியே இருந்தார். அவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டுமே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டத்தோ," என்றார். டத்தோ சிரிக்கத் தொடங்கினார். அண்ணன் முடிக்கவில்லை. "போன விளையாட்டு விழாவுக்கு எங்கம்மா வந்திருந்தாங்க. உள்ள நான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது. பிரம்ப ஆட்டிக்கிட்டு கிட்ட போனேன். எந்திரிச்சிட்டாங்க. செருப்பக் கழட்டி கையில எடுத்துக்கிட்டாங்க. நாந்தாம்மா, உக்காருங்கன்னு உள்ள இருந்து கத்துனேன். பாட்டுச் சத்தத்துல கேக்கல. தோட்டத்துல துரை வந்தா நிக்கிற மாதிரியே, நான் தாண்டிப் போற வரைக்கும் தல குனிஞ்சு நின்னாங்க."

டத்தோ பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை உயர்த்தச் சொன்னபோது அவர் பக்கம் இருந்த ஒருவர், அவரைப் பார்க்காமலே ஆந்தைக்குக் கை தூக்கினார்.

கூட்டம் முடிந்ததும் டத்தோ என் மேசைக்கு வந்தார். "அந்தக் கதையெல்லாம் எழுத வேணாம்." நான் தலையாட்டினேன். 'ஊழியர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று ஒரே வரி எழுதினேன். அண்ணனின் கடிதம் கையெழுத்தாகித் திரும்பி வரவேயில்லை. மாதக் கடைசியில் ஆய்வுக்கூடச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

போன மாதம் பத்தாங் காலி காலைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருப்பதாகச் சொன்னார். அம்மா தவறிவிட்டார்களாம். கீரைக்கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னத எழுதுனீங்கதானே? அம்மாவப் பத்தி எழுத்துல இருக்கிறது அது ஒண்ணுதான்."

"எழுதியிருக்கேண்ணே," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "போதும்மா," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

இப்போது கல்லூரியில் மாணவர்கள் ஆந்தையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். துரை எப்படிப் போனார் என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணனிடம் நான் சொன்னது பொய். எழுத வேண்டிய அன்று எழுதாததை இன்றுதான் எழுதுகிறேன்.