நீல நூல் தைத்த சால்வை

போன ஞாயிற்றுக்கிழமை காலை லோடு அண்ணன் ஆபீசுக்குப் போனவர்கள் நான்கு பேர் — அம்மா, எஸ்தர் அக்கா, பல்கீஸ் அக்கா, நான். முனியம்மா அத்தை வரவில்லை; அவருக்கு ஓவர்டைம். இன்னொன்றும் வரவில்லை. சால்வை.

சால்வை இல்லாமல் லோடு அண்ணனைப் பார்க்கப் போவதா? எங்கள் காலனியில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

அண்ணனின் நிஜப் பெயர் இங்கே வேண்டாம். செங்கல் சூளையில் பிறந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சிமெண்ட் மூட்டை தூக்கினார். கூட வேலை பார்த்தவர் லாரியில் அடிபட்டுச் செத்தபோது, நஷ்டஈடு தரும்வரை கம்பெனி கேட்டுக்கு முன்னால் இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். தந்தார்கள். அன்று எழுந்தவர்தான்... தொழிற்சங்கம், வார்டு, பிறகு எம்.எல்.ஏ. தேர்தலில் வரிசையாக மூன்று வெற்றி.

ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக் காட்டுவார். கூட்டம் அதிரும். இப்போதெல்லாம் உள்ளே பஞ்சுதான் என்கிறார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். இருக்கட்டுமே. எங்கள் தெருவில் யார் செத்தாலும் முதல் ஆளாக வந்து பாடை தூக்குவதும் அதே தோள்தான். அது பொய்யா?

எனக்கும் அவரிடம் ஒரு கடன் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காலேஜில் டொனேஷன் கேட்டார்கள். அண்ணன் நேராக பிரின்சிபால் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். "புள்ளைக்கு சீட்டு குடு, அப்பதான் எழுந்துக்குவேன்." கொடுத்தார்கள். இந்தப் பத்தியை நான் எழுதுவதில் அந்த நாற்காலிக்கும் பங்கு இருக்கிறது.

அப்படிப்பட்டவரிடம் எதற்குப் போனோம்? பஸ்ஸுக்கு.

காலை ஐந்து நாற்பதுக்கு எங்கள் காலனியிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஒரு பஸ் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூட்டம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து ஃபர்ஸ்ட் ஷிப்ட் பெண்கள் லாரிகளுக்கு ஓரமாக மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. அவர் சாக்குப் பை தைக்கிற கம்பெனியில் கான்ட்ராக்டர் போன மாதம் சொல்லிவிட்டார் — "இன்னும் ரெண்டு வாட்டி லேட்டா வா, வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஏற்கெனவே ஐந்து முறை மனு கொடுத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் ஆபீசுக்குப் பக்கத்துக் கடையில் நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு சால்வை. அண்ணன் மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், தோளில் கை போடுவார், போட்டோ எடுப்பார்கள். காலனியில் அந்த போட்டோ மாட்டாத வீடு இல்லை.

மூன்றாவது முறை வாங்கிய சால்வையில் ஓரம் கிழிந்திருந்தது. அம்மாவின் பர்ஸில் எப்போதும் ஊசி நூல் இருக்கும். கம்பெனி நீல நூல். நின்ற இடத்திலேயே தைத்தார். ஐந்தாவது முறை கடைக்காரர் கவரைப் பிரித்து நீட்டிய சால்வையின் ஓரத்தில்... அதே நீல நூல்.

"நான் போட்ட தையலு எனக்குத் தெரியாதா? சால்வ மட்டும் கரெக்டா திரும்பி வந்துக்கினு கீது. மனு எங்கடா போவுது?" என்றார் அம்மா.

நல்ல கேள்வி. அதையே எழுதிக் கேட்டேன், தகவல் உரிமைச் சட்டத்தில், பஸ் டிப்போவுக்கு. ஒரு மாதத்தில் பதில் வந்தது: இந்த வழித்தடம் பற்றி எந்தக் கோரிக்கையும் வரவில்லை.

அந்தத் தாளோடுதான் ஞாயிற்றுக்கிழமை போனோம்.

"இன்னா, வெறுங்கையோட வந்துக்கிறீங்க?" — வாசலில் உதவியாளர்.

"சால்வ கடையிலதான கீது? வரச் சொல்லு, அதுக்கு வழி தெரியும்" என்றார் எஸ்தர் அக்கா. பல்கீஸ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்தார். "வா நைனா!" என்று என்னைத் தட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "அஞ்சல, முட்டி வலி எப்டிகீது?"

முட்டி வலிவரை ஞாபகம் வைத்திருக்கிறார்! உண்மையைச் சொல்கிறேன், தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அம்மாவுக்கு அப்படி இல்லை.

"முட்டிக்காகத்தாண்ணா வந்துக்கிறோம். நடக்க முடில. பஸ்ஸ வுடு."

"ஃபைலு மேல போய்க்கீதும்மா..."

நான் தாளை நீட்டினேன். உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். உதவியாளரை நிமிர்ந்து பார்த்தார். உதவியாளர் ஃபேனைப் பார்த்தார்.

"யாரு எழுதிக் கேட்டது?"

"நான்தாண்ணா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உன்னப் போயி படிக்க வெச்சேன் பாரு..." என்று ஆரம்பித்தார்.

"படிச்சதாலதாண்ணா கேக்குறான்" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "பஸ்ஸு எப்பனு சொல்லு. அப்பதான் எழுந்துக்குவேன்."

அண்ணன் அம்மாவையே பார்த்தார். அவருக்கு அந்த வசனம் தெரியாதா என்ன? சிரித்துவிட்டார். போனை எடுத்தார்.

வியாழக்கிழமை காலை பஸ் வந்தது. முகப்பில் வாழைக்கன்று, மாலை, மைக். படிக்கட்டில் அண்ணன். "என்னையே கேள்வி கேக்கட்டும்னுதான் இந்தப் புள்ளைய நான் படிக்க வெச்சேன்!" என்றார். கூட்டம் அதிர்ந்தது. கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கேட் முன்னால் படுத்துக் கிடந்தபோது அவரும் சால்வை கொண்டுபோகவில்லை, கேட்டார், வாங்கினார். நாங்கள்தான் நடுவில் கேட்பதை விட்டுவிட்டுப் போர்த்த ஆரம்பித்தோம். இனி போர்த்துவதாக இல்லை. அடுத்த மனு தெரு விளக்குக்கு, எழுதி முடித்துவிட்டேன்.

அன்று ஆறு மணி ஷிப்டுக்கு அம்மா ஐந்து ஐம்பத்தைந்துக்கே பஞ்ச் அடித்துவிட்டார்.

சால்வைக்குப் போனது அறுநூறு ரூபாய். பஸ்ஸுக்கு ஆனது — தகவல் கேட்ட மனுவில் ஒட்டிய கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் பத்து, ஜெராக்ஸ் நாலு... ஆக மொத்தம் பதினாலு ரூபாய்!