வலது பக்கம் சத்தம் குறைவு

கிரீஸ் உருகிக் கருகும் வாசனை எங்கே வந்தாலும் என் கை தானாக மெயின் சுவிட்சைத் தேடும். படகு என்ஜினிலிருந்து வந்தாலும் சரி, டீக்கடை வாசலில் நிற்கும் லாரியிலிருந்து வந்தாலும் சரி. அடுத்த மூச்சில் எத்திராஜ் அண்ணன் ஞாபகம் வந்துவிடும்.

பழவேற்காட்டில் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை. படகுகளில் தண்ணீர் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ். பழுது பார்ப்பதுதான் சோறு போடும் வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் சென்னையில் ஒரு ஆடியோ கடையில் பழைய வால்வு ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி ட்யூப் வைத்த ஆம்ப்ளிஃபையர் கட்டினேன். கடை மூடியது, இங்கே வந்துவிட்டேன். பெஞ்சுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில். வருகிறவர்கள் செட்டைக் கொடுப்பார்கள், எப்போது கிடைக்கும் என்பார்கள், போய்விடுவார்கள். காற்று விழுந்த ஏரி மாதிரி இருக்கும் மற்ற நேரமெல்லாம்.

எத்திராஜ் அண்ணன் ஏரியில் இறால் பிடிக்கிறவர், அறுபதை நெருங்கியவர். துபாயில் இருக்கும் மகன் விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்று அனுப்பியிருந்தான். குப்பத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். விடியுமுன் வலைக்குப் போகிறவர்கள் பொழுது சாயும்போதே படுத்துவிடுவார்கள். ஸ்பீக்கரில் பாட்டு வைக்க முடியாது. ஹெட்போனோ முந்நூறு ஓம் மின்தடை உள்ளது. போனில் செருகினால் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். அத்தனை ஓம் இருந்தால் கரண்ட் அதிகம் வேண்டாம், வோல்டேஜ்தான் வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ட்யூப் ஆம்ப் அதற்குப் பொருந்தும். இடது, வலது என்று பக்கத்துக்கு ஒரு டிரைவர் ட்யூப், ஒரு பவர் ட்யூப் என்று கட்டிக் கொடுத்தேன். முதல் பாட்டு முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"பாடறவன் மூச்சு வுடறதுகூட கேக்குது நைனா" என்றார்.

பத்தே நாளில் ஆம்ப் புகைந்து திரும்பி வந்தது. உப்புக்காற்றில் துருப் பிடிக்காமலிருக்கப் படகில் பேட்டரி முனை, பிளக் எல்லாவற்றிலும் கிரீஸ் பூசுவது இங்கே வழக்கம். அண்ணன் அதே அக்கறையோடு ட்யூப்களைக் கழற்றி ஒவ்வொரு பின்னிலும் பூசியிருந்தார். பவர் ட்யூப் சூட்டில் கிரீஸ் உருகி சாக்கெட்டுக்குள் இறங்கிவிட்டது.

"பெத்த புள்ள மாதிரி பாத்துக்கினேன், அது இன்னாடான்னா பீடி புடிக்குது."

வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தேன். ஸ்பிரிட் போட்டுக் கழுவிச் சரிசெய்தேன்.

அப்புறம் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தார். டிரைவர் ட்யூபைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்தில் செய்து விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக் ட்யூப் போட்டோம். குரலுக்கு ஒரு உடம்பு வந்தது. கப்பாசிட்டர் மாற்றினோம்; தபேலா விரல் விரலாகப் பிரிந்தது. பாதிப் பேச்சு பாட்டைப் பற்றி, மீதி ஏரியைப் பற்றி. அவர் வரும் நாளில் நான் இரண்டு பேருக்கு உலை வைப்பேன்.

ஒரு நாள் காலையில் வந்து, நேற்றிலிருந்து வலது பக்கம் சத்தம் குறைவு என்றார். கிரீஸ் மிச்சம் இருக்கும் என்று நினைத்து வலது சாக்கெட்டைக் கழுவினேன். குறைவுதான். இடது ட்யூபை வலதில் போட்டேன், வலதை இடதில். ட்யூப் பழுதென்றால் குறை பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. கேபிளை மாற்றினேன். கடைசியாக ஹெட்போனையே திருப்பி அவர் தலையில் மாட்டினேன். இப்போது வலது காதில் ஒலிப்பது இடது சேனல்.

அப்போதும் குறைவு என்று அவர் வலது காதைத்தான் தொட்டார்.

பழுது ஆம்ப்பில் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. காது என்று சொன்னால் அவர் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவார், பெஞ்ச் காலியாகிவிடும். "வேற ட்யூப் வரவழைச்சுப் பாக்கலாம்ணா" என்றேன். ட்யூப் வர மூன்று வாரம். அது சரிப்படவில்லை என்று இன்னொன்று. ஒன்றிலும் லாபம் வைக்கவில்லை. அதை ஒரு புண்ணியம் மாதிரி எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்படி மூன்று மாதம்.

பிறகு ஒரு நாள் ஆம்ப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மருமகள் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தாள். திடீரென்று மந்தமான காதுக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இனி இது எதற்கு, நீயே வைத்துக்கொள் என்று ஆம்ப்பைப் பெஞ்சில் வைத்தார். அவர் முகத்தில் என் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. குறை காதில்தான் என்று எனக்கு முன்பே தெரியும் எனச் சொல்லிவிட்டேன்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஹெட்போன திருப்பி மாட்டுன அன்னிக்கே, அண்ணே."

அவர் கத்தவில்லை. எழுந்து, உட்கார்ந்திருந்த ஸ்டூலை மெதுவாகப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வந்தால் பக்கம் மாற்றிப் பார்க்கும் சோதனையைச் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள். அது சொல்லும் பதிலை அந்த நிமிடமே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். பழுது உங்கள் பெஞ்சைச் சேர்ந்தது இல்லையென்றால் ஒரு நாள்கூட அவரை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்டார். நீங்கள் வராமல் போய்விடுவீர்களோ என்றுதான், என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியவர் நின்றார். கேட்கிற இடது காதை என் பக்கம் திருப்பவில்லை. நான் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அர்த்தம்.

"அன்னிக்கே சொல்லிருந்தின்னா மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். அதுக்கப்புறமும் இங்கதான வந்துருப்பேன், நைனா."