ஊதாக் கோடு

எங்கள் வீட்டுத் தலைவாசல் கதவில் ஓர் ஊதாக் கோடு இருக்கிறது. அது தச்சு மேஸ்திரியின் தப்பு என்றுதான் என் மனைவி இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறாள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

புத்தூரில் வீடு கட்டியபோது வந்தவர் அவர். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, மரத்தூள் ஒட்டிய புருவம், காதில் ஒரு கட்டைப் பென்சில். கோடு போடுமுன் அதன் முனையை நாக்கில் தொட்டுக்கொள்வார். முனை அடிக்கடி உடைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ரேணிகுண்டாவில் தேடி, அழியவே அழியாது என்று கடைக்காரர் சொன்ன பென்சிலை வாங்கிவந்து நீட்டினேன்.

“இதுல கோடு போட்டா போவுமா சார்?”

“போவாது மேஸ்திரி. அதான் விசேஷமே.”

“வேல முடிஞ்சா கோடு போவணுமே சார்.”

“குடுத்தத வெச்சிக்கினு வேலையப் பாருங்க” என்று அதட்டினேன்.

ஈரம் பட்டால் மையாகிவிடும் பென்சில் அது; அவர் நாக்கில் தொட்டுப் போட்ட கோடு எச்சில் பட்ட இடமெல்லாம் ஊதாவாகித் தேக்குக் கதவில் ஊறிவிட்டது. சாயங்காலம்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்போதுதான் என் மனைவி வந்தாள்.

“இன்னா பென்சில்ல போட்டீங்க மேஸ்திரி? கதவே பாழாப் போச்சே!”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் குனிந்து தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் பென்சில்தாம்மா. தெரியாம போட்டுட்டேன்.”

நிமிர்ந்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்ன அவருடைய நாக்கு ஊதாவாக இருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.