வார்டு வாசலை மறித்து நின்ற ஸ்டெல்லா அக்கா

மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் வரப்போகும் ஸ்டெல்லா அக்காவுக்காகப் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். போன் வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி வந்து, அக்கா வீட்டிலேயே இறந்துவிட்டாராம். அவர் ஏற வேண்டிய சாம்பியன் ரீப்ஸில் இறங்கி, அவர் வீட்டுக்கு ஓடினேன். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள், "ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட்டிருந்தால், "ஷிப்ட் முடிச்சுட்டு வரேன்" என்றுதான் அக்கா சொல்லியிருப்பார். அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியும்.

பெங்களூரில் ரத்தப் புற்றுநோய் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். அக்கா நர்ஸ் பிராக்டிஷனர். நர்ஸாக இருந்து மேலே படித்துப் பெற்ற பொறுப்பு அது. நோயாளிகளைப் பரிசோதிப்பார், டாக்டரோடு பேசி மருந்தை மாற்றுவார். "நீங்க டாக்டரா, நர்ஸா?" என்று கேட்பவர்களிடம், "உங்க புள்ளைய விட்டு நகராத ஆளு" என்பார்.

எங்கள் கோலார் தங்க வயலில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், அவர் குடியிருக்கும் லைன் வீட்டு வரிசையே பார்க்கக் கிளம்பிவிடும். பக்கத்து வீட்டார், சர்ச் ஆட்கள், சாப்பாட்டுக் கேரியர் எல்லாம் வரும். கீமோவில் வெள்ளையணுக்கள் குறைந்து கிடப்பவருக்கு அந்தப் பாசமே ஆபத்து. யாராவது ஒருவர் இருமினால் போதும். எங்கள் ஊரின் பாலகாட் பகுதியைச் சேர்ந்த செல்விக்குக் காய்ச்சல் ஏறி, பல் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்த காலையிலும் அப்படித்தான் வந்து நின்றார்கள். கடைசியாக முகம் பார்த்துவிட்டு, வேன் பிடித்து ஊருக்குக் கூட்டிப்போகும் முடிவோடு வந்திருந்தார்கள்.

"செத்தா எங்க ஊட்டுலயே சாவட்டும்மா" என்று அவளுடைய அப்பா அழுதார்.

"அவ சாவறான்னு உங்களுக்கு யாருப்பா சொன்னாங்க?" அக்கா கதவை மறித்து நின்றார். "இன்னா, அழுவறதுக்கா இத்தினி பேரு வந்தீங்க? ரத்தம் நிக்கறதுக்கு அவளுக்கு பிளேட்லெட் வேணும். சளி, காய்ச்சல் இல்லாதவங்க ரத்த வங்கிக்கு வாங்க. மத்தவங்க கீழ போயி அழுங்க."

கூட்டத்தில் அக்காவின் தம்பியும் இருந்தார். "நம்ம ஊர்க்காரங்களையே வெளிய நிறுத்தறியாக்கா?" என்று கத்தினார்.

"ஆமாடா, நிறுத்தறேன். கோவத்தை அப்புறம் வெச்சுக்க. மொதல்ல போயி கைய நீட்டு."

வழியனுப்ப வந்தவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ரயில் ஏறினார்கள். செல்வி பிழைத்தாள். இப்போது துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

எல்லா நோயாளிகளும் பிழைத்துவிடவில்லை. இனி மருந்து கேட்காது என்று டாக்டர்களோடு பேசித் தெளிந்த பிறகு, அக்காவே கதவைத் திறந்து குடும்பத்தைக் கூப்பிடுவார். "இப்ப வாங்க. கையைப் புடிச்சுக்கினு பக்கத்துல உக்காருங்க" என்பார். எல்லாம் முடிந்ததும் மருந்து அறைக்குள் போய் அழுவார். முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். ஒருமுறை என்னிடம், "தோத்தா, தோத்தோம்னு சொல்லலாம். பாதியிலயே நாமளா சொல்லக்கூடாது" என்றார்.

அக்கா படித்த படிப்புக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். "இந்த வயசுல இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர் போனதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். வார்டில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். வாசலில் ஆள் வேண்டும்.