தண்ணீர் குடித்த கட்டை

வாழைத்தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றிகளைச் சுட்டு மிரட்ட அப்பாவிடம் உரிமத்தோடு ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி உண்டு. அது சுடும்போதெல்லாம் கழுதைபோல் தோளில் உதைக்கும். தோளில் ஊன்றும் மரக்கட்டை விரிசல் விட்டதும், வேறு கட்டை வாங்க நானும் அப்பாவும் வண்ணார்பேட்டைக்குப் போனோம்.

துப்பாக்கிக் கடை அண்ணாச்சி இரண்டு ஃபைபர் கட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று நல்ல கனம். மற்றது உள்ளே வெறும் கூடு, லேசானது. மம்பட்டிக் காம்பு வாங்குகிறவர் மாதிரி அப்பா இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இதான். பூ மாதிரி இருக்கு."

"லேசா இருந்தா உதை கூடும்ப்பா. கனமானதை எடுங்க."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்ததும் இயற்பியல். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

"ஏட்டி, நீ என்னைக்கு மம்பட்டி பிடிச்ச? கனத்தா தோளு போயிரும்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல நான் வரமாட்டேன்" என்று அவர் அந்தப் 'பூ'வைத் தாளில் சுற்றினார்.

மறுநாள் ஒரே வெடி. பன்றி ஓடியது, அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"வரப்பு வழுக்கிட்டு" என்றார். வரப்போ காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அப்புறம் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. பன்றிகளுக்கு அது தெரிந்துவிட்டது. குலைதள்ளிய வாழைகள் சாயத் தொடங்கின. கட்டையை மாற்றலாம் என்றால் நான் ஜெயித்துவிடுவேனே. வாழை போனாலும் போகட்டும் என்று இருந்தார்.

அவர் சந்தைக்குப் போன நேரம், குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, கட்டையின் பின்பக்க ரப்பர் மூடியைத் திருப்புளியால் கழற்றினேன். ஆற்றுமணலைக் காயவைத்துத் துணிப்பையில் அள்ளி உள்ளே இறுக்கமாகத் திணித்தேன். பிறகு, பன்றி வாழையைத் தின்பதை அப்பா காதில் விழும்படி அம்மாவிடம் புலம்பினேன்.

அன்று சாயங்காலம் சுட்டார். நின்றுகொண்டே இருந்தார்.

"கட்டை எனக்குப் பழகிட்டு" என்று மாமாவிடம் பெருமையடித்தார். மாமா துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார்.

"பூன்னீங்களே அத்தான், என்னா கனம் கனக்கு?"

அப்பா வாங்கித் தூக்கினார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"தோட்டத்துல ஈரம்லா மாப்ள. தண்ணி குடிச்சிருக்கும்."

ஃபைபர் தண்ணீர் குடிக்கிறதாம். இயற்பியல் படித்தவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா போனதும் அப்பா திருப்புளியை என் முன்னால் வைத்தார்.

"ஏட்டி, இன்னும் ரெண்டு கை தண்ணி குடிக்குமா?"