மாதத்துக்கு ஒரு பதில்

மீட்டர் பெட்டியின் கதவைத் திறப்பதற்கு முன்பே சிமோன் கேள்வியைப் போட்டுவிடுவார். "சரி மதாம், நாப்பது வருசம் ஒழுங்கா வந்தவ, அன்னிக்கு எதுக்குக் கப்பலைத் திருப்பினா?" கேட்டுவிட்டுப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். சுற்றும் தகட்டையும் எண்களையும் பார்த்து அவர் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த மாதம்தான்.

வியட்நாமில், சைகோன் நகரத்து மின்சாரக் கம்பெனிக்கு மீட்டர் பார்க்கும் வேலை அவருக்கு. காரைக்காலில் பிறந்தவர்; ஒன்பது வயதில் தகப்பனாரோடு கப்பலேறி வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போன பிறகும் அதே காக்கிச் சட்டை, அதே தோல்பை, காதில் அதே பென்சில். தெருப் பிள்ளைகள் 'ஓங் டியென்' என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். மின்சாரக்காரர் என்று அர்த்தம். காலில் சக்கரம் கட்டியவர் என்று சிலரைச் சொல்வோமே, இவருக்கு நிற்கும்போதுகூட ஒரு குதிகால் தரையில் படாது. நாற்பத்தேழு வயதாகியும் எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. நாற்காலியைக் காட்டினால், "உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது, வேணாம்" என்பார். ஐஸ் போட்ட பால் காப்பியை நின்றபடியே மூன்று மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரை மீட்டர் பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போவார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு விண்வெளிக் கதைகள். ஊரைவிட்டுப் போகும் பிரெஞ்சுக் குடும்பங்கள் போட்டுவிட்டுப் போன நாவல்கள், சீனர் பேட்டையான சோலோனில் ஒரு பழைய காகிதக் கடையில் குவிந்து கிடக்கும். அட்டையில் ராக்கெட் இருந்தால் போதும், பொட்டலம் கட்டக் கிழிபடுவதற்குள் சிமோன் உருவிவிடுவார். ஆனால் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும், சொன்னால் அவர்கள் மறுக்க வேண்டும், அந்த மறுப்பை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொளுத்திப் போட வேண்டும். இதற்கு மீட்டர் வேலையைப்போல வாய்ப்பான வேலை உண்டா?

அவருடைய வட்டத்தில் மிகப் பெரிய வழக்காளிகள் இரண்டு பேர். ஒருவர் ஒடெட் அம்மாள். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். கதையில் வருகிறவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்தி விசாரிக்கிற ரகம். நாலாம் தேதி அவர் வீடு. மற்றவர் த்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயிலுக்கு அடுத்த வீட்டில் இருந்து கோயில் காரியம் பார்க்கும் சுப்புராமன் செட்டியார். பத்தொன்பதாம் தேதி அவர் வீடு. செட்டியாருக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்துத் தெரியாது. எல்லாம் சிமோன் வாயால் கேட்டதுதான். அதற்காகக் கூச்சப்படுகிற ஆளும் இல்லை. "படிச்சவுகளுக்குப் பொஸ்தகத்துல இருக்கிறது மட்டுந்தானே தெரியும்? இல்லாததும் எனக்குத் தெரியும்கிறேன்" என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்து நிமிஷ நடை. ஆனாலும் அவர் இவரைப் பார்த்ததில்லை, இவர் அவரைப் பார்த்ததில்லை. நடுவில் நடந்தவை சிமோனின் கால்கள்தான்.

அறுபத்தைந்தாம் வருஷம் முழுக்க ஒரே நாவல் ஓடியது. தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்கு ஒரு கப்பல் போகிறது. உள்ளே நானூறு பேர் உறக்கத்தில். விழித்திருப்பவள் ஒரு டாக்டர் மட்டும். நாற்பது வருஷம் தனியாக நடமாடிக் காவல் காக்கிறாள். புது நட்சத்திரம் ஜன்னலில் பெரிதாகத் தெரிகிற அன்று, கப்பலைப் பூமியை நோக்கித் திருப்பிவிட்டுத் தேநீர் போட்டுக் குடிக்கிறாள். கதை முடிந்தது. ஏன் திருப்பினாள் என்று ஒரு வரிகூட இல்லை.

"பயம் முசே, சுத்தமான பயம். புது மண்ணு எப்படி இருக்குமோன்னு பயந்துட்டா" என்றார் ஒடெட் அம்மாள். செட்டியார் ஒப்பவில்லை. "பயந்தவ நாப்பது வருசம் வருவாளா? தூங்குறவுகளை ஒரு வார்த்த கேக்காம இம்புட்டுத் தூரம் கொண்டாந்துட்டமேன்னு உறுத்தியிருக்கு. முழிச்சிருக்கவளுக்குத்தானே உறுத்தும்?" ஏழு மாதம் இப்படிப் போயிற்று. ராணுவ லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றாலும், மின்சாரமே போய் மீட்டர் தகடு அசையாமல் கிடந்தாலும், சிமோன் தேதி தவறாமல் போய் நின்றார்.

எட்டாம் மாதம் ஒடெட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "உங்க செட்டியார் சொல்றதுதான் சரி. நேத்து மறுபடி படிச்சேன். தோத்துட்டேன்னு சொல்லிடுங்க."

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சிமோன் குறிப்பேட்டை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். வழக்கு முடிந்துவிட்டால் அந்த இரண்டு கதவுகளுக்குப் பின்னால் தனக்கு என்ன இருக்கிறது? மீட்டர்தான். அன்று எண்ணைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினார். பத்தொன்பதாம் தேதி செட்டியார் "என்ன சொல்றாக மதாம்?" என்று கேட்டபோது, சிமோன் யோசிப்பதற்குள் அவர் வாய் பேசிவிட்டது.

"ஒத்துக்கல செட்டியாரே. புதுசா ஒண்ணு சொல்றாங்க. போய்ச் சேந்துட்டா நானூறு பேரும் முழிச்சுக்குவாங்க, அப்புறம் டாக்டருக்கு அங்க என்ன வேலை? யாரும் அவளைத் தேட மாட்டாங்க. அதான் திருப்பிட்டாளாம்."

செட்டியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "அடேயப்பா, அந்தம்மா லேசுப்பட்டவுக இல்லை" என்றார்.

அடுத்த நாலாம் தேதி அதே வாதம் ஒடெட் அம்மாளிடம் போனது, செட்டியாருக்கே திடீரென்று வந்த சந்தேகமாக. ஐந்து மாதம் இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டினார்கள். இருவரும் அடுத்தவரை மனமாரப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குச் சுமக்கும்போது சிமோனுக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும், அதைவிட அதிகமாக வெட்கமாக இருக்கும். பொய்க்காரன்தான் நான் என்று தெருவில் நடந்துகொண்டே முணுமுணுப்பார். ஆனால் நடையை நிறுத்தமாட்டார்.

பிறகுதான் ஒடெட் அம்மாளின் மகன் பிரான்சில் மார்சேயிலிருந்து கப்பல் சீட்டு அனுப்பினான். சனிக்கிழமை கப்பல். "போறதுக்குள்ள அந்தச் செட்டியாரை நேர்ல பாக்கணும்" என்றார் அம்மாள். செட்டியாருக்குக் காய்ச்சல் என்றார் சிமோன். "அப்ப கண்டிப்பா பாக்கணும்."

மறுநாள் காலை அம்மாள் சிக்ளோ ரிக்ஷாவில் ஏறிக்கொள்ள, சிமோன் பக்கத்திலேயே நடந்தார். தெருவை மறித்து ஒரு லாரி நிற்கக்கூடாதா என்று ஏங்கினார். என்றைக்கும் வழிவிடாத லாரிகள் அன்று மரியாதையாக நின்று வழிவிட்டன.

செட்டியார் திடகாத்திரமாக வாசலில் வந்து வரவேற்றார். காய்ச்சலைப்பற்றி அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. சிமோனை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். இருவரும் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"உங்க கேள்விக்குத்தான் இன்னும் பதில் கிடைக்கல. போய்ச் சேந்துட்டா டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களே, அதுக்கு" என்றார் அம்மாள்.

"அது நீங்க கேட்டதுல்ல? நான் எங்க கேட்டேன்கிறேன்?"

"நானா? நான்தான் தோத்துட்டேன்னு அன்னிக்கே சொல்லி அனுப்பிட்டேனே!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். சிமோன் வாசலோரம் மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். அன்று பத்தொன்பதாம் தேதி அல்ல. காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது.

"சிமோன்" என்றார் செட்டியார். குரலில் கோபம் இல்லை. "அப்ப அது உங்க கேள்வியா?"

சிமோன் தலையைப் பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் நுழைத்துக்கொண்டார்.

"வெளில வாங்க முசே" என்றார் ஒடெட் அம்மாள், முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய குரலில். "எங்க ரெண்டு பேர் பேச்சையும் ஒரு வருசமா சுமந்தீங்க. இப்ப உங்க பேச்சைச் சொல்லுங்க. அவ ஏன் திருப்பினா?"

கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க அவரிடம் யாருடைய பதிலும் இல்லை. அடுத்த மாதம் என்று சொல்லவும் வழியில்லை. செட்டியார் எழுந்து மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டார். உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது என்பது சிமோனின் உதடு வரை வந்துவிட்டது. அவர் மீட்டர் பெட்டியை மூடினார். தோல்பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். பிறகு வந்து, இரண்டு குதிகாலும் தரையில் பதிய, நாற்காலியில் உட்கார்ந்தார்.