கடலிலிருந்து வந்த விடைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். மூன்று செயலிகளைக் கையில் தந்து, ஒரு தவணை முழுக்க இவற்றில் படிப்பித்து, எது நல்லதென்று ஒப்பிட்டு எழுதுங்கள் என்று வலயக் கல்விக் கந்தோர் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பதினோராம் ஆண்டுக்குக் கணக்குப் படிப்பிப்பது நான் ஒருத்தி. கரும்பலகைக்கு வெண்கட்டி கேட்டால் அடுத்த தவணை பார்ப்போம் என்பவர்கள், செயலி என்றதும் ஓடோடி வந்துவிட்டார்கள்.

ஆனாலும் நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. தவணை முடிவில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகளை மன்னார் ரவுணில், பட்டணத்திலேயே தங்கவைத்து, பதினோராம் ஆண்டுக்குப் பிறகு வரும் உயர்தரத்தில் கணிதப் பிரிவை இலவசமாகப் படிப்பிப்பதாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவே இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அவளை எப்படியாவது அங்கே அனுப்பிவிடவேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

முதலாவது செயலியை நாங்கள் முகம் பார்க்கிற அப் என்றோம். பின்னேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் வரவேண்டும், நான் படிப்பிப்பதை அவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பார்களாம்! ரீச்சர் கேக்குதில்லை, ரீச்சர் படம் நிண்டுபோச்சு என்பதிலேயே பாதி நேரம் போகும். ஏழு நாளைக்கென்று போட்ட ஒரு கிழமை டேட்டாவை ஒரே பாடம் தின்றுவிட்டது என்று தாய்மார் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். இரண்டாவது குரல் அப். நான் கணக்கைச் செய்துகொண்டே பேசிப் பதிந்து அனுப்புவேன். பிள்ளைகள் நேரம் கிடைக்கும்போது கேட்டு, கொப்பியைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அழகும் இல்லை, சோடனையும் இல்லை, ஆனால் யார் எப்போது வந்தாலும் பாடம் அங்கேயே கிடக்கும்.

மூன்றாவதுதான் கந்தோரின் செல்லப்பிள்ளை. நட்சத்திர அப். விடியற்காலையில் சில கேள்விகள் வரும். பள்ளிக்கூட மணி அடிக்கமுன் ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடவேண்டும். சரியோ பிழையோ, தொட்டுவிட்டால் வந்ததற்கு ஒரு நட்சத்திரம், கைதட்டல், வாழ்த்து. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பெரிய பரீட்சை. புள்ளிகள் நேரே கந்தோருக்குப் போகும், எங்கள் கண்ணில் படாது. ரவுணுக்குப் பிள்ளைகளை எடுக்கும் தெரிவும் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான்.

நான் சொன்ன பிள்ளை தாழ்வுபாடு என்ற கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. தகப்பனுக்கு ஒரு சின்னப் படகு, வீட்டில் ஒரேயொரு நல்ல போன். அந்தப் போனும் அவரோடு கடலுக்குப் போகும். இந்தியப் பக்கம் எல்லை தாண்டிவிடாமல் இடம் பார்க்கவும், கரைக்கு வரமுன் மீன் முதலாளியோடு விலை பேசவும் அது வேண்டும். பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பார். அவர் கரைக்கு வரும்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பாள். பின்னேரம் அவர் மறுபடி கடலுக்குப் போய்விடுவார். ஞாயிறன்று எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்ததும் போன் அவளுடையது. ஞாயிறு மத்தியானம் என் போன் கிணுகிணுக்கத் தொடங்கினால் அவள்தான். கிழமை முழுக்க நான் அனுப்பிய கணக்குகளை ஒரே இருப்பில் செய்து, படம் படமாக அனுப்பிக்கொண்டிருப்பாள். நான் காட்டிய வழியை விட்டுவிட்டு, தன் வழியில் குறுக்கே போய் விடையில் நிற்பாள். சில நேரம் எனக்கே விளங்க நேரம் எடுக்கும். சமைத்துக்கொண்டிருந்த கறியை அடிப்பிடிக்க விட்டு நான் அவளுடைய கணக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

செயலிகள் தொடங்கமுன் பெற்றாரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். கந்தோரிலிருந்து வந்த அதிகாரி மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். காலையில் கேள்வி வந்தால் பதில் போடாமல் விடக்கூடாது, விட்டால் உங்கள் பிள்ளை வரவில்லை என்று பதிந்துவிடும், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது என்றார். அவளுடைய தகப்பன் முன்வரிசையில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

தவணை முடிந்து தெரிவுப் பட்டியல் வந்தது. அவளுடைய பெயர் இல்லை. கந்தோருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். அவர்கள் அவளுடைய புள்ளிகளை அனுப்பிவைத்தார்கள். ஞாயிற்றுப் பரீட்சைகள் அத்தனையிலும் அவள்தான் முதல். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, காலைக் கேள்விகளில் ஒரு நாள்கூட விடாமல் விடை போட்டிருந்தாள், முக்கால்வாசியும் பிழை. சின்னப் பிள்ளைகூடப் பிழைவிடாத கணக்குகள். எல்லாம் சேர்த்துப் பார்க்க, அவள் கீழே எங்கேயோ கிடந்தாள்.

அவளைக் கூப்பிட்டு நல்ல ஏச்சு ஏசினேன். என்ன விசர் விளையாட்டு இது, படிப்பு உனக்குப் பகிடியோ என்று கேட்டேன். அவள் மெல்லச் சொன்னாள்: "அது நானில்லை ரீச்சர். அப்பா போட்டவர். கடலில நிண்டு."

மிச்சத்தை அவளிடம் கேட்டு எடுத்தேன். விடியற்காலையில் வலை இழுக்கும்போது மடியில் போன் கூவியிருக்கிறது. பிள்ளை வரவில்லை என்று பதிந்துவிடுமே என்று மனிதர் பதறிப்போய், ஈரக்கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, வந்த கேள்விக்கெல்லாம் ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறார். நட்சத்திரம் விழுந்திருக்கிறது, போன் கைதட்டியிருக்கிறது. இண்டைக்கும் நீ வந்தனி எண்டு போட்டிருக்கு பார் என்று பின்னேரம் மறுபடி கடலுக்குப் போகமுன் அவளுக்குக் காட்டுவாராம். சந்தோசமாய்க் காட்டுகிற மனிதனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் விட்டுவிட்டாள். காலையில் வருவது வரவுக்கு மட்டும்தான், புள்ளி ஞாயிறில்தான் என்று அவளும் நம்பியிருந்தாள். "அப்பாக்குச் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர்," என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த நாளே லீவு போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனேன். அந்த அதிகாரி என்னை இருக்கச் சொன்னார், பொறுமையாகவே கேட்டார். கடைசியில்தான் அதைச் சொன்னார். வராத நாட்களை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லையாம். எத்தனையோ வீடுகளில் போன் இல்லை, சிக்னல் இல்லை என்று தெரியும், அதனால் அந்த நாட்களை விட்டுவிட்டு மிச்சத்துக்கு மட்டும் சராசரி பார்த்தார்களாம். தகப்பன் தொடாமலே விட்டிருந்தால் அவள்தான் முதல். அப்படியென்றால் ஏன் கூட்டத்தில் பெற்றாரை அப்படி வெருட்டினீர்கள் என்று கேட்டேன். அப்படிச் சொல்லாவிட்டால் ஒருத்தரும் பழக்கத்துக்கு வரமாட்டார்கள் ரீச்சர் என்றார். யாருடைய விரல் தொட்டது என்று செயலிக்குத் தெரியாது, இந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் இதையே சொல்லிக்கொண்டு வருவார்கள் என்றார். நான் என்ன பேசினேன் என்று எழுத முடியாது.

ஒப்பீட்டை எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு வரைக்கும் காத்திருக்கத் தெரிந்தது குரல் அப் ஒன்றுதான், அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அடுத்த வருடம் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் நட்சத்திர அப் வந்தது.

அவளை நான் விடவில்லை. பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் முடிவு வந்தபோது கணக்கில் அவளுக்கு ஏ, ஆக உயர்ந்த தரம். ரவுணில் கணிதப் பிரிவு உள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கேட்டு வைத்தேன். பஸ்ஸில் போய்வரலாம், பின்னேரம் என் வீட்டில் நின்று படிக்கலாம். தகப்பன் சம்மதித்தால் சரி. அதைச் சொல்ல ஒரு சனிக்கிழமை தாழ்வுபாட்டுக்குப் போனேன். வீட்டு முற்றத்தில் தாய் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். தகப்பன் கதிரையைத் துடைத்துப் போட்டு, வாங்கோ ரீச்சர், இருங்கோ என்றார். பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் கதவடியில் நின்றாள்.

நான் சொன்னதை எல்லாம் அவர் மரியாதையாகக் கேட்டார். பிறகு மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் ரீச்சர். கணக்கு ஓடாத பிள்ளையை அங்க விட்டு என்ன செய்யிறது? சோதினை பாஸ் பண்ணினது உங்கட புண்ணியம். பெரிய கணக்கு தன்னால ஏலாதெண்டு அவளே சொல்லிப்போட்டாள். அந்தத் தெரிவில அவளை எடுக்கேல்லைத்தானே."

"அது அப்பிடியில்லை..." என்று நான் தொடங்கினேன். கதவடியில் நின்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கடலுக்குள்ள நிண்டும் ஒரு நாள் விடேல்லை ரீச்சர்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, ஒரு மனவருத்தம் மட்டும். "காத்திலயும் மழையிலயும் அவளுக்கு வரவு போட்டனான். என்ர பங்கை நான் செய்தனான். அவள் ஞாயிறுகளில போனோட இருந்து ஒழுங்காப் படிச்சிருந்தா இண்டைக்கு எடுத்திருப்பாங்கள்."

எனக்கு வாய்வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், பிள்ளை கணிதம் படிப்பாள். ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு எப்படிக் கடலுக்குப் போவார்? நான் அவளைப் பார்த்தேன். நீயே சொல்லு பிள்ளை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓம் ரீச்சர்," என்றாள் அவள். "அப்பா ஒரு நாளும் விடேல்லை. பிழை என்னிலதான்."

அவர் எழுந்து போய் அவளுடைய தலையில் கையை வைத்தார். பரவாயில்லை மகள், விடு என்று சொல்லி அவளை மன்னித்தார்.